ஒரு தொழில மூடிட்டு அடுத்தத ஆரம்பிக்கப் போறவங்களுக்கு, என் அனுபவத்துல இருந்து

இப்ப நான் நடத்திட்டு இருக்கறது மூணாவது தொழில். முன்னாடி ரெண்டு ஆரம்பிச்சு ரெண்டையும் மூடியாச்சு. தொழில் ஆரம்பிக்கறது எப்படின்னு சொல்றதுக்கு நிறைய பேர் இருக்காங்க, வீடியோ இருக்கு, கோர்ஸ் இருக்கு, கை தட்டறதுக்கும் ஆள் இருக்கு. ஆனா ஓடாத ஒரு தொழில எப்படி மூடறது, மூடும்போது எதக் காப்பாத்தணும், மூடினதுக்கும் அடுத்தது ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல வர்ற அந்த இருண்ட காலத்த எப்படிக் கடக்கறதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. தனியா நின்னு தட்டுத் தடுமாறித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்தடுத்து தொழில் பண்றவங்க எப்படி வளர்றாங்கன்னு கேட்டா, ஒன்ன எப்படி முடிச்சாங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்குன்னு நான் இப்ப நம்பறேன். அதுக்காகத்தான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல் தொழில் சின்ன கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். நானும் கூட வேலை பார்த்த ஒரு நண்பனும் சேர்ந்து ஆரம்பிச்சோம். ரெண்டு பேர் சேமிப்பு, அது பத்தாம பேங்க்ல ஒரு கடன். கடைக்காரங்க வருஷ சந்தா கட்டுவாங்க, நாங்க சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து, சொல்லிக் குடுத்து, பிரச்சனை வந்தா ஓடிப் போய் பார்ப்போம். மெதுவாத்தான் போச்சு. அப்புறம் ஒரு பெரிய விநியோக கம்பெனி, தன்கிட்ட சரக்கு எடுக்கற கடைகளுக்கெல்லாம் எங்க சாஃப்ட்வேரையே போடறதா, பணத்தையும் தானே கட்டறதா ஒப்பந்தம் போட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி சந்தோஷத்துல எனக்குத் தூக்கமே வரல. வருமானத்துல பாதிக்கு மேல அந்த ஒரே இடத்துல இருந்து வர ஆரம்பிச்சுது, அத நம்பி ஆள் எடுத்தோம், ஆபீஸ் மாத்தினோம். 30 நாள்ல வரவேண்டிய பணம் 60 நாளாச்சு, அப்புறம் 90 நாளாச்சு, ஒவ்வொரு தடவையும் அக்கவுண்ட்ஸ்ல ஏதோ ஒரு காரணம். கடைசியா அங்க நிர்வாகம் மாறி, ஒப்பந்தத்த மறுபடி பரிசீலிக்கறோம்னு ஒரு மெயில், அதோட முடிஞ்சுது. எங்க கணக்குப் புத்தகத்துல அந்த மாசமும் லாபம்தான் காட்டுச்சு, பேங்க்ல சம்பளம் போடப் பணம் இல்ல. லாபம் வேற, கைல இருக்கற காசு வேறங்கறத படிச்சிருக்கேன், உடம்புல உணர்ந்தது அப்பத்தான்.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லிடறேன். ஒரே வாடிக்கையாளர் கிட்ட இருந்து வருமானத்துல கால்வாசிக்கு மேல வந்தா, அந்தப் பணம் நாளைக்கே நின்னா எத்தனை மாசம் தாங்குவோம்னு அன்னிக்கே உக்காந்து கணக்குப் போடுங்க. அந்த வருமானத்த வச்சு நிரந்தரச் செலவு எதையும் ஏத்தாதீங்க. இன்னொன்னு, வருஷ சந்தாவா முன்கூட்டி வாங்கற பணம். அது வங்கிக் கணக்குல நம்ம பணம் மாதிரியே தெரியும், ஆனா சேவைய குடுத்து முடிக்கற வரைக்கும் அது கடன்தான், கணக்காளர்கள் அத பொறுப்புப் பக்கத்துலதான் எழுதுவாங்க. தொழில் ஓடிட்டு இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மூடற நேரத்துலதான் ஒவ்வொரு கடைக்காரரும் மீதி மாசத்துக்கான பணத்தக் கேப்பாங்க, கேக்கறது நியாயமும் கூட.

மூடலாம்னு முடிவு பண்றதுக்கே எங்களுக்கு மாசக்கணக்காச்சு. அந்த மாசங்கள்ல போன பணம்தான் எனக்கு இன்னிக்கும் வலிக்குது. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா என் பங்குக்கு மட்டும் நான் பழைய வேலைல ரெண்டு வருஷத்துக்கு மேல சம்பாதிச்சது போச்சு, அதுல மூணுல ஒரு பங்கு இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்னு தள்ளிப் போட்ட காலத்துல போனது. அதனால சொல்றேன், மூடற முடிவ பணம் தீர்ற அன்னிக்கு எடுக்க முடியாது. வேலை பார்த்தவங்க சம்பளம், அவங்களுக்கு முறைப்படி சேர வேண்டியது, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டியது, வரி, வாடகை ஒப்பந்தத்துல மீதி, கணக்காளர் கட்டணம், இதெல்லாம் சேர்த்து ஒரு தொகை வரும். அதுதான் மூடறதுக்கான செலவு. கைல இருக்கற காசு அந்தத் தொகைய நெருங்கும்போதே முடிவு எடுத்தாகணும். அதுக்குக் கீழ போய்ட்டா கௌரவமா மூடக்கூட வழி இருக்காது.

எங்களுக்கு நூலிழைல அந்த வழி இருந்துச்சு. முதல்ல சம்பள பாக்கி. எங்கிட்ட வேலை பார்த்த அஞ்சு பேரையும் உக்கார வச்சு, கணக்க அப்படியே காட்டினேன். ஒரு தம்பி எதுவும் பேசல, எழுந்து போகும்போது மட்டும் "பரவால்லண்ணே, நேரா சொன்னீங்க"ன்னான். நான் பாத்ரூம் போய் அழுதேன். அவங்க அஞ்சு பேருக்காகவும் தெரிஞ்ச கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டேன், நாலு பேருக்கு வேலை கிடைச்சுது. அடுத்து கடைக்காரங்க. மூடறதுக்கு மூணு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லி, அவங்க பில், ஸ்டாக், வாடிக்கையாளர் விவரம் எல்லாத்தையும் எக்செல்ல எடுத்துக் குடுத்து, சந்தா மீதிய திருப்பிக் குடுத்தோம். மொத்தமா குடுக்க முடியாதவங்களுக்கு தவணை போட்டு எழுதிக் குடுத்தோம். அப்ப இது வெறும் கடமைன்னு நினைச்சுத்தான் பண்ணேன். மூணாவது தொழிலோட முதல் வாடிக்கையாளர்கள் இவங்களா இருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

காகித வேலைய பத்தியும் ஒரு வார்த்தை. பிரைவேட் லிமிடெட் மாதிரி பதிவு பண்ணின கம்பெனில கடன் கம்பெனியோட போய்டும், நம்ம சொத்தத் தொடாதுன்னு சொல்லுவாங்க. அது பொதுவா உண்மைதான், ஆனா கடன் வாங்கும்போது பேங்க் தனிநபர் உத்தரவாதக் கையெழுத்து வாங்கியிருந்தா அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, நேரா நம்ம தலைலதான் வரும். நாங்க ரெண்டு பேருமே அந்தக் கையெழுத்து போட்டிருந்தோம். ரெண்டாவது, வியாபாரம் நின்னதால கம்பெனி தானா இல்லாம போய்டாது. முறைப்படி பதிவ நீக்கற வரைக்கும் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் பண்ணச் சொல்லுவாங்க, விட்டா அபராதம் ஏறிக்கிட்டே போகும், இயக்குநரா இருக்கற நம்ம பேருக்கும் சிக்கல் வரலாம். களைச்சுப் போய் எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடணும்னு தோணும்போதுதான் இதெல்லாம் உக்காந்து முடிக்க வேண்டியிருக்கும், அதான் கொடுமை.

மனசு விஷயத்துக்கு வர்றேன். மூடின பிறகு முதல் சில வாரம் நிம்மதியா இருந்துச்சு, அப்புறம்தான் அடி விழுந்துச்சு. காலைல எழுந்தா எங்க போறதுன்னு தெரியாது. போன் அடிச்சாலே நெஞ்சு படபடக்கும். சொந்தக்காரங்க "இப்ப என்ன பண்றே"ன்னு சாதாரணமா கேட்டாக்கூட குத்தற மாதிரி இருக்கும். இது என் பலவீனம்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். பிறகு படிச்சதுல தெரிஞ்சுது, டீன் ஷெப்பர்ட்ங்கற மேலாண்மைப் பேராசிரியர் 2003-லயே இதப் பத்தி எழுதியிருக்கார். சொந்தத் தொழில் மூடறது ஒரு இழப்பு, அதுல வர்றது நெருங்கினவங்கள இழந்தா வர்ற மாதிரியான துக்கம், அந்தத் துக்கம் அதிகமா இருக்கும்போது நடந்ததுல இருந்து கத்துக்கறது கஷ்டம்ங்கறார். அவர் சொல்ற வழி, நடந்தத அலசறது கொஞ்ச நேரம், அத விட்டுட்டு வேற வேலைகள்ல மனச திருப்பறது கொஞ்ச நேரம், ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறிப் போறது. எனக்கு இது சரியா பொருந்துச்சு. வாரத்துல ஒரு நாள் மட்டும் பழைய கணக்க எடுத்துப் பார்த்து என்ன நடந்துச்சுன்னு எழுதுவேன், மத்த நாள் அந்த ஃபைல தொடமாட்டேன், சின்னச் சின்ன ஃப்ரீலான்ஸ் வேலை எடுத்துப் பண்ணுவேன். மூடின உடனே "என்ன பாடம் கத்துக்கிட்டே"ன்னு யாராவது கேட்டா பதில் சொல்லாதீங்க, அந்த நேரத்துல வர்ற பதில்ல பாதி கோபமும் பாதி வெக்கமும்தான் இருக்கும்.

ரெண்டாவது தொழில் ஆரம்பிச்சப்ப நான் கடை, சாஃப்ட்வேர் ரெண்டு பக்கமும் திரும்பிக்கூடப் பார்க்கல. அந்தத் துறையே சரியில்ல, அங்க பணம் ஒழுங்கா வராதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. குழந்தைகளுக்கான மரப் பொம்மைய ஆன்லைன்ல விக்கற தொழில். பொம்மை நல்லா இருந்துச்சு, வாங்கினவங்களும் பாராட்டினாங்க. ஆனா எனக்கு சப்ளையர் யாருன்னு தெரியாது, ரிட்டர்ன் எவ்வளவு வரும்னு தெரியாது, விளம்பரத்துக்குப் போடற காசுல ஒரு ஆர்டர் வர எவ்வளவு ஆகும்னு தெரியாது, எல்லாத்தையும் முதல்ல இருந்து காசு குடுத்துக் கத்துக்க வேண்டியிருந்துச்சு. ஒன்றரை வருஷம் போச்சு. பணம் இந்தத் தடவை குறைவாத்தான் போச்சு, ஏன்னா கடன் வாங்கவே இல்ல, ஆனா போன காலம் திரும்ப வராதே.

ஜே. பி. எகர்ஸ், லின் சாங்னு ரெண்டு பேர் 2015-ல வெளியிட்ட ஆய்வப் படிச்சப்ப என்னையே யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. ஒரு தொழில் தோத்தவங்க அடுத்ததுக்கு வேற துறைக்கு மாறறது அதிகம், அவங்க தோல்விக்குக் காரணமா பெரும்பாலும் வெளிச் சூழலத்தான் பார்க்கறாங்க, அப்படி மாறும்போது பழைய துறைல சேர்த்த அறிவு வீணாகி அடுத்த தொழிலும் அடி வாங்குதுன்னு அவங்க காட்டறாங்க. இதோட சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆய்வு, பால் காம்பர்ஸ், ஜோஷ் லெர்னர் குழு 2010-ல வெளியிட்டது. அமெரிக்காவுல வென்ச்சர் முதலீடு, அதாவது வேகமா வளரக்கூடிய புதுக் கம்பெனிகள்ல பங்குக்குப் போடற பணம், வாங்கின கம்பெனிகள எடுத்துக்கிட்டு, பங்குச்சந்தை வரைக்கும் போறத வெற்றின்னு வச்சுக் கணக்குப் பார்த்தாங்க. முன்னாடி ஜெயிச்சவங்க மறுபடி ஜெயிக்கற வாய்ப்பு 30 சதவீதம். முதல் தடவை ஆரம்பிக்கறவங்களுக்கும், முன்னாடி தோத்தவங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, 20 சதவீதத்த ஒட்டி. இந்தக் கணக்கு எல்லாத் தொழிலுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனா ஒன்னு மட்டும் எனக்கு உறைச்சுது, தோத்ததாலயே யாரும் தானா புத்திசாலி ஆகறதில்ல. "தோல்விதான் குரு"ன்னு சொல்லி முதுகுல தட்டிட்டுப் போறவங்க மேல எனக்குக் கோபமே வரும். தோல்வில இருந்து எத எடுத்துட்டு வந்தோம், யாரக் கூட்டிட்டு வந்தோம், எந்தத் துறைய பத்தித் தெரிஞ்சுக்கிட்டு வந்தோம், அதுதான் அடுத்த தொழிலுக்கு உதவுது.

பொம்மைத் தொழில மூடற நேரத்துல, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கின ஒரு கடைக்காரர் போன் பண்ணார். நான் எடுத்துக் குடுத்த எக்செல்ல ஏதோ சந்தேகம். பேச்சோட பேச்சா சொன்னார், "தம்பி, பில்லு போட ஆயிரம் வழி இருக்கு. எனக்கு யாரு எவ்வளவு தரணும், எத்தனை நாளா இழுக்கறான், இன்னிக்கு யாருக்கு போன் பண்ணணும், இத ஒருத்தன் காலைல சொல்லிட்டாப் போதும்." நாலு வருஷம் அவர் மாதிரி ஆளுங்களோட பழகியிருக்கேன். எங்களக் கவுத்ததும் அதே வராத பணம்தான். அங்கேயே மூணாவது தொழில் தொடங்கிடுச்சு. கடனுக்குச் சரக்கு குடுக்கற வியாபாரிகளுக்கு பாக்கி வசூல ஒழுங்குபடுத்திக் குடுக்கற சேவை. ராபர்ட் ரான்ஸ்டாட்ங்கறவர் 1988-ல இதுக்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கார். தொழில்ங்கறது நீண்ட தாழ்வாரம் மாதிரி, உள்ள நுழைஞ்சு நடக்க ஆரம்பிச்சாத்தான் பக்கத்துல இருக்கற கதவுகள் கண்ணுக்குத் தெரியும், வெளிய நின்னு பார்க்கறவனுக்குத் தெரியாது. நான் அந்தத் தாழ்வாரத்த விட்டு வெளிய ஓடி வேற கட்டடத்துக்குள்ள நுழைஞ்சிருந்தேன்.

ஆபீஸ்ல பேசிக்க உதவற ஸ்லாக் ஆப்ப உருவாக்கின ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா அதுல மூடின பகுதிய யாரும் பெருசா பேசறதில்ல. அவர் முதல்ல ஒரு ஆன்லைன் விளையாட்டு செய்யப் போய் அது நடக்கல, அந்த வேலைல இருந்து கிளைச்சு 2004-ல வந்ததுதான் ஃபிளிக்கர்ங்கற போட்டோ பகிர்ற தளம், அடுத்த வருஷமே யாஹூ வாங்கிடுச்சு. மறுபடியும் கிளிட்ச்னு ஒரு விளையாட்டு, 2011-ல வெளியாகி 2012 கடைசில மூடினாங்க. மூடும்போது விளையாடினவங்களுக்குப் பணத்தத் திருப்பிக் குடுத்தாங்க, வேலை போனவங்களுக்கு வேற இடத்துல வேலை தேட உதவினாங்க. மிஞ்சின சின்ன குழுவும் முதலீட்டாளர்களும் கூடவே இருந்ததாலதான், விளையாட்டு செய்யும்போது தங்களுக்குள்ள பேசிக்க வச்சிருந்த கருவிய ஸ்லாக்னு 2014-ல வெளியிட முடிஞ்சுது. இந்த மாதிரி பெரிய கதைகள்ல ஜெயிச்சவங்க மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரிவாங்க, அத மறக்கக்கூடாது. ஆனா மூடற விதத்துல அடுத்ததுக்கான ஆட்களும் நம்பிக்கையும் மிஞ்சுங்கறது என் சின்ன அளவுலயும் அப்படியே நடந்துச்சு. அந்தக் கடைக்காரர் உட்பட பழைய கடைகள்ல பத்துப் பன்னெண்டு பேர் உடனே சேர்ந்தாங்க, சந்தா மீதிய தவணைல வாங்கினவங்களும் அதுல இருந்தாங்க. "பரவால்லண்ணே"ன்ன அந்தத் தம்பி வேலைய விட்டுட்டு வந்து சேர்ந்துக்கிட்டான்.

மூணாவதுல பணத்த அணுகின விதமே வேற. எவ்வளவு சம்பாதிக்கலாம்னு கணக்குப் போடல, எவ்வளவு போனா குடும்பம் ஆடாதுன்னு கணக்குப் போட்டேன். சரஸ் சரஸ்வதிங்கற பேராசிரியை, அனுபவப்பட்ட தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கறாங்கன்னு ஆராய்ஞ்சு 2001-ல வெளியிட்ட கட்டுரைல இதத்தான் சொல்றாங்க, அவங்க வரப்போற லாபத்த ஊகிக்கறதவிட தாங்கக்கூடிய நஷ்டத்த முதல்ல முடிவு பண்றாங்க, கைல இருக்கற அறிவு, ஆள், பொருள் இதுல இருந்து தொடங்கறாங்கன்னு. நான் ஒரு தொகையும் ஒரு தேதியும் எழுதி, வீட்டுல காட்டி, அவங்க சம்மதம் வாங்கினேன். அந்தத் தொகை தீர்ந்தாலோ அந்தத் தேதி வந்தும் குறைஞ்சபட்சம் இத்தனை பேர் காசு குடுத்துத் தொடரலன்னாலோ நிறுத்தணும். இத எழுதி வேற ஒருத்தர் கைல குடுக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா நம்ம மனசு நம்பற மாதிரி இல்ல. பிரிட்டன்ல டெனிஸ் உச்பசரன் குழு 2010-ல பார்த்ததுல, ஒன்ன முடிச்சுட்டு இன்னொன்னு ஆரம்பிக்கறவங்க முந்தின தோல்விக்குப் பிறகும் தங்களோட அதீத நம்பிக்கைய குறைச்சுக்கறதா தெரியல, ஆனா ஒரே நேரத்துல பல தொழில் வச்சிருக்கறவங்க ஓரளவு அடங்கியிருக்காங்க. எனக்கு அதுக்கான காரணம் புரியுது, ஒன்னே ஒன்னுதான் கைல இருந்தா அத நம்பாம இருக்கவே முடியாது. அதனால என்னோட பழைய கணக்காளர் கிட்ட அந்தத் தாள குடுத்து வச்சேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவர் எடுத்து வச்சுக் கேள்வி கேப்பார், நான் பதில் சொல்லணும்.

பழைய கூட்டாளி இந்தத் தடவை வரல. எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்ல, அவனுக்குக் கடன் அடைக்க நிலையான சம்பளம் தேவைப்பட்டுச்சு. முதல் தொழில்ல நாங்க ஒரு கூட்டாளி விலகினா பங்கு என்ன ஆகும், கடன் யார் மேல, செஞ்ச சாஃப்ட்வேர் யாருக்குச் சொந்தம்னு ஆரம்பத்துலயே எழுதி வச்சிருந்தோம், ஒரு தெரிஞ்ச வக்கீல் வற்புறுத்தினதால. பழைய சாஃப்ட்வேர் கோட்ல ஒரு பகுதிய நான் மூணாவதுக்குப் பயன்படுத்தினப்ப அந்தக் காகிதம்தான் காப்பாத்துச்சு, அவனுக்குச் சேர வேண்டியத கணக்குப் போட்டுக் குடுத்தேன், இன்னிக்கும் மாசத்துக்கு ஒரு தடவை பேசிக்கறோம்.

இப்ப மூணாவது தொழில் மூணு வருஷம் தாண்டிடுச்சு. முதல் தொழிலுக்கு வாங்கின பேங்க் கடன் போன வருஷம் முடிஞ்சுது, எந்த வாடிக்கையாளரும் வருமானத்துல பத்துல ஒரு பங்கத் தாண்டல, தாண்டற மாதிரி வந்த ஒரு பெரிய ஆர்டர முன்பணம் குடுத்தா மட்டும் செய்யறோம்னு சொன்னோம், அவங்க வரல. நீங்க இப்ப ஒன்ன மூடிட்டு இருந்தீங்கன்னா, கடன் முடிஞ்சதுக்கான பேங்க் கடிதம், பதிவு நீக்கினதுக்கான உத்தரவு, வரி பாக்கி இல்லங்கறதுக்கான ஆதாரம், வேலை பார்த்தவங்க பணம் வாங்கினதுக்கான கையெழுத்து, வாடிக்கையாளருக்கு அனுப்பின மூடல் கடிதம், இந்த அஞ்சையும் காகிதமாவும் ஸ்கேனாவும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க. அடுத்த தொழிலுக்குக் கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போதும் கடன் கேக்கும்போதும் எங்கிட்ட இதுல மூணு கேட்டாங்க.